அவர் சிரித்தால் திரும்பிப் பார்க்காதீர்கள்

தியேட்டரில் படம் ஓடும்போது போனை எடுத்து வெளிச்சம் காட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். முன்சீட்டுக்காரர் தோளைத் தட்டி, "சார், வூட்ல டிவி இல்லியா?" என்று கேட்டிருக்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று கதை சொல்கிற ஆள், பின்னாலிருந்து சீட்டை உதைக்கிற ஆள், பாட்டு வந்ததும் எழுந்து போய், திரும்பி வரும்போது நம் காலை மிதித்துவிட்டு நம்மையே முறைக்கிற ஆள், ஒருத்தரையும் விட்டதில்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவர், "ஏட்டி, விடு. படத்தப் பாரு" என்பார். அவர் திருநெல்வேலிப் பக்கம். மீசை முளைக்கிற வயதில் தி. நகர் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்து, பட்டுப்புடவைப் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவர். என் அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன இடத்தில்தான் என்னைப் பார்த்தார். மிச்சத்தை இங்கே சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அள்ளும் என்பதால் அவருக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. எங்கள் சினிமா எல்லாம் செவ்வாய்க்கிழமை மேட்னி.

கடையில் அவர் புன்னகைக்கலாம், சிரிக்கக் கூடாது. அங்கே அடக்கியதையெல்லாம் தியேட்டரில் அவிழ்த்துவிடுவார். முதலில் தோள் குலுங்கும், அப்புறம் தொடையில் ஓர் அடி, அப்புறம் ஹால் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள்கூட அவர் சிரிப்பதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு தடவை இடைவேளையில் ஒரு பையன் வந்து, "அங்கிள், காமெடி சுமார்தான், உங்க சிரிப்புதான் சூப்பர்" என்று கை கொடுத்துவிட்டுப் போனான். ஊரையே திட்டுகிற நான், இவர் போடுகிற சத்தத்தை மட்டும் ஒருநாளும் திட்டியதில்லை. எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

வேலையிலிருந்து நின்று, கொட்டிவாக்கத்துக்கு வீடு மாறி வந்த அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்து, பாதி திரும்பியது. பேச்சும் வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து இழுத்து. ஆனால் சம்பந்தமே இல்லாமல் சிரிப்பு வர ஆரம்பித்தது. ஊரில் அவருடைய அண்ணன் இறந்துபோன செய்தியைப் போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வாய்தான் சிரித்தது, கண் முழுக்கப் பயம்.

"மூளையில சிரிப்பைப் பிடிச்சு வைக்கிற இடத்துல அடிபட்டிருக்கும்மா. அவர் மனசுல இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

பெங்களூரிலிருந்து மகள், "இனிமே வீட்லயே பாருங்கம்மா, எல்லாப் படமும் டிவியிலேயே வருது" என்றாள். அவரிடம் சொன்னேன். "வீட்ல பாத்தா அது படமா?" என்றார். அந்த ஒரு ஆசையைத் தவிர அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. கடை போயிற்று, கடற்கரை நடை போயிற்று. சினிமாவாவது இருக்கட்டும், அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் இறங்க வசதியாக, படியேற வேண்டாத வரிசையில், நடைபாதையை ஒட்டிய சீட்டாகப் பார்த்து மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். லீவு என்று ஒன்று இல்லாமல் போன பிறகும் நாங்கள் செவ்வாய்க்கிழமையே போனோம்.

முதல் படத்தில் ஒரு சாவுக் காட்சி. கதாநாயகனின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். ஹாலில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அந்த நேரத்தில் இவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கவில்லை, தொடையில் அடியும் இல்லை, நேரடியாகத் தொண்டையிலிருந்து, நிறுத்த முடியாத சிரிப்பு.

"யோவ் பெர்சு, அறிவு கீதா உனுக்கு? அம்மா செத்துக்கினு கீது, சிரிக்கிற?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

நான் எழுந்து திரும்பி நின்றேன். "இன்னாடா சொன்ன? அவருக்கு ஒடம்பு சரியில்ல. உனுக்கு வாய் சரியில்ல" என்று ஆரம்பித்தவள், டார்ச் லைட்டோடு ஆள் வந்து கெஞ்சுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. படம் பார்த்தவர்களுக்கு அந்த அம்மா எப்போது செத்தாள் என்றே தெரிந்திருக்காது. நான் உட்கார்ந்தபோது இவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை போட்டுப் பயனில்லை என்று புரிந்தது. அடுத்த படத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். விளம்பரம் ஓடும்போதே எழுந்து, முன் வரிசை, பின் வரிசை, பக்கத்துச் சீட்டு, எல்லாரிடமும் குனிந்து சொல்லிவிடுவேன். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. திடீர்னு சிரிப்பாரு. அவரு வேணும்னு பண்றதில்ல."

ஜனங்கள் நல்லவர்கள்தான், அதை மறைக்கக் கூடாது. "ஐயோ, அதுக்கு என்னம்மா, நிம்மதியா பாருங்க" என்பார்கள். ஒரு குடும்பம் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து காலியாக இருந்த வேறு சீட்டுக்குப் போனது. இன்னொரு பெண் பாப்கார்னையே நீட்டினாள். யாரும் கத்தவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, பெரிய காரியம் சாதித்த மாதிரி.

ஆனால் அவர் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் முன் வரிசைத் தலைகள் திரும்பின. பாவம் என்று ஒரு பார்வை, பிறகு என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். பரிதாபப்படுகிறவர்களை என்ன செய்வது? திருவான்மியூர் தாண்டி ஆட்டோவில் வரும்போது அவர் சொன்னார்.

"இனிமே யாருட்டயும் சொல்லாத. நானே பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்தது. ஒரு கைத்துண்டை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். சிரிப்பு கிளம்புகிற மாதிரி இருந்தால் இடது கையால் அதை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். சத்தம் துணிக்குள்ளேயே போய்விடும். மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாலிலேயே அவரைவிட ஒழுங்காகப் படம் பார்த்தவர் அன்றைக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த ஒழுங்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லாரும் சிரிக்கிற படமாகப் பார்த்துப் போனால் என்ன? ஹாலே சிரிக்கும்போது இவர் சிரித்தால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? முன்னாடியே தோன்றாமல் போனதற்கு என்னையே நொந்துகொண்டேன். மகளிடம் கேட்டு, ஆரம்பம் முதல் கடைசி வரை காமெடி என்று பேர் வாங்கிய படமாகப் பார்த்துத் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூடங்களுக்கு லீவு, செவ்வாய்க்கிழமையும் கூட்டம் நிரம்பியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் ஒரே கூச்சல். அன்றைக்கு மட்டும் எனக்கு அந்தக் கூச்சல் தேனாக இருந்தது.

படத்தில் ஒரு ஜவுளிக்கடைக் காட்சி. கல்யாண வீட்டுக் கும்பல் வந்து அலமாரி முழுக்க இறக்கிப் போடச் சொல்கிறது. விற்பனையாளர் புடவைக் குவியலுக்கு நடுவே தலை மட்டும் தெரிய நிற்கிறார். எல்லாம் முடிந்ததும் ஒரு அம்மாள், "முதல்ல காட்டினீங்களே, அத எடுங்க" என்கிறாள். ஹால் அதிர்ந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இதே கதையை எத்தனை ராத்திரி சோறு பிசைந்துகொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். அவருக்காகவே எடுத்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. துண்டு வாயில் இருந்தது.

"எடுங்க அத. எல்லாரும்தானே சிரிக்கிறாங்க" என்று காதோரம் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் துண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அந்த நல்ல கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விடவே இல்லை. சுற்றிலும் ஊரே சிரிக்க, அவர் ஒருவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடைவேளை விளக்கு எரிந்தது. பிள்ளைகள் எங்கள் காலைத் தாண்டித் தாண்டி வெளியே ஓடினார்கள். நான் ஒருத்தரையும் ஒன்றும் சொல்லவில்லை.

"கடை சீன் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துது."

"அப்புறம் ஏன் அமுக்கிக்கிட்டீங்க? அது நெஜ சிரிப்புதானே?"

அவர் துண்டைப் பிரித்து, திரும்ப மடித்தார். கடையில் புடவை மடித்த கை, ஒன்றே ஒன்றாக இருந்தாலும் முனைக்கு முனை சரியாக வைத்தது.

"சிரிப்பு வந்துது" என்றார், இழுத்து இழுத்து. "அந்த சீனுக்கு வந்துதா, சும்மா வந்துதான்னு எனக்கே தெரியல, ஏட்டி."

அடுத்தவர்கள் திரும்பிப் பார்ப்பதுதான் அவருடைய கஷ்டம் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் "வீட்டுக்குப் போவமா?" என்று அவரே கேட்டார். பாதிப் படத்தில் எழுந்து வந்தது எங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு தியேட்டருக்குப் போகவில்லை.

இப்போது அவர் டிவியில் செய்தி மட்டும் பார்க்கிறார். நான் அடுப்படியில் இருக்கும்போது சில நாள் ஹாலிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்கும், பெரிதாக, பழையபடியே. ஆரம்பத்தில் ஓடிப்போய், "என்னத்துக்குங்க சிரிச்சீங்க?" என்று கேட்பேன். இப்போது கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பை நிறுத்திவிட்டு, எதற்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்.