தூதரக வாசலில் சிதறுதேங்காய்

மே 14, செவ்வாய்க்கிழமை. எனக்கு ஒன்பது வயது. ஆறு மணிக்கு எழுந்தோம். பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அப்பா கண்ணாடி முன் நின்று தாடியைச் சீவிக்கொண்டார். தோர்ண்டன் ஹீத்தில் 7.12 ரயிலைப் பிடித்தோம். அந்த வயதிலேயே நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டதால் இவ்வளவும் சரியாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் கல்யாணம். ஊரைவிட்டு ஓடிவந்ததில் அம்மா ஒரு நாட்டிலும் அவருடைய ஒரே தம்பி இன்னொரு நாட்டிலுமாக ஒதுங்கி, எட்டு வருடமாக ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எங்களிடம் இருந்தவை அகதிகளுக்கான பயணப் பத்திரங்கள். மாமாவின் நாட்டுக்குப் போக விசா வேண்டும். கிடைத்தால் திரும்பும் வழியில் ஆர்ச்வே முருகன் கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். அந்தத் தேங்காயை அப்பா பழைய பேப்பரில் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி, பையில் போட்டு எடுத்துவந்தார்.

முந்தைய வாரம்தான், தூரத்து நகரமொன்றில் மாமாவின் நாட்டுத் தூதரகத்தை ஓர் ஆயுதக் குழு தாக்கியிருந்தது. அதனால் லண்டன் தூதரக வாசலில் நின்ற காவலாளி பைகளை உள்ளே விடவில்லை. அப்பா எங்கள் பையை மெல்ல வேலிக் கம்பியோரம் வைத்தார்.

“இஞ்சையே கிடக்கட்டும். லண்டனிலை ஆர் தேங்காய் களவெடுக்கப் போயினம்?”

வரிசையில் எங்களுக்கு முன் இன்னும் இரண்டு பேர் இருந்தபோது அபாய மணி அலறியது. எல்லோரையும் தெருமுனைவரை துரத்திக் குறுக்கே நாடா கட்டினார்கள். பிறகு அது வந்தது. சங்கிலிச் சக்கரங்களும் நீண்ட ஒற்றைக் கையுமாக, ஆளில்லாமல் நகர்ந்து வெடிகுண்டு தேடும் ஓர் இயந்திரம். தலைக்கவசம் போட்ட பொலிஸ்காரர்களே அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். சுவாமி வீதியுலா வரும்போதுகூட நான் அப்படி வாய்பிளந்து பார்த்ததில்லை. அது நேரே எங்கள் பையிடம் போய்க் கையைத் தாழ்த்தியது.

“இஞ்சேருங்கோ, அது தேங்காய் எண்டு போய்ச் சொல்லுங்கோவன்,” என்றார் அம்மா.

“பேசாமல் நில்லும். நான் சொன்னால் நம்புவாங்களே?”

“அப்ப நான் போய்ச் சொல்லுறன்.”

“உமக்குத் தம்பியின்ரை கலியாணம் பாக்க வேணுமோ, வேண்டாமோ?”

அம்மா எடுத்துவைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரே ஒரு வெடிச்சத்தம். வெள்ளைத் துண்டுகள் தூதரகப் படிவரை பறந்தன.

“கோயிலிலைகூட இப்பிடிச் சிதறாது,” என்றார் அம்மா மெல்ல.

அது எங்களுடைய தேங்காய் என்று கத்த வேண்டும்போல எனக்குப் பெருமை. அப்பாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. நாளை ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘அப்பாவுக்கும் அந்த மெஷின் நல்லாய்ப் பிடிச்சிட்டுது. வீடு வரும்வரை தாடியைத் தடவித் தடவி அதையே யோசிச்சுக்கொண்டு வந்தார்.’

மாமாவின் கல்யாணப் படத்தில் அம்மா தம்பியின் தோளில் சாய்ந்து அழுகிறார். பக்கத்தில் அப்பா, தாடியில்லாமல், யாரோ போல நிற்கிறார். புதன்கிழமை காலை ஐந்தரைக்கு, தேநீர்கூடக் குடிக்காமல், முதல் வேலையாக அதைத்தான் மழித்தார். கல்யாணத்துக்கு அழகாகப் போவதற்காக என்று குறித்துவைத்தேன்.