மேற்குக் கதவின் மேல் ஒரு திரை

“…அந்தக் கதவால ஓடினபடியாத்தான் உனக்கு இண்டைக்குப் படம் காட்ட ஒரு தங்கச்சி மிச்சமா இரிக்காள், அண்ண.”

அவள் சொன்னதில் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. அவளுடைய அண்ணன் போட்ட சத்தம் அதை அமுக்கிவிட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் இந்தப் பின்பாதிதான் வந்து விழுந்தது. நான் அப்போது அவர்கள் வீட்டு விறாந்தையில் கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். இறங்குவதா நிற்பதா என்று தெரியவில்லை.

நான் ரேடியோ, டீவி திருத்துகிறவன். யாரும் எனக்குப் படிப்பித்ததில்லை. ஒரு பழுதான பெட்டியைக் கழற்றி, திரும்பப் பூட்டத் தெரியாமல் மூன்று கிழமை முழித்துப் பழகிய தொழில். அதோடு சனங்கள் பேசுவதைப் பொறுக்கி வைக்கிற ஆசையும் உண்டு. ஒரு பெட்டியைத் திருத்தக் கொண்டுவந்தவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வசனம், அந்தப் பெட்டி தேய்ந்து குப்பைக்குப் போன பிறகும் என்னோடு இருந்திருக்கிறது. இந்த வசனத்தை மட்டும் நான் ஆசைப்பட்டுப் பொறுக்கவில்லை. அதற்குள் என் பிழையும் கிடந்தது.

அண்ணன் மத்திய கிழக்கில் பல வருடம் உழைத்தவர். லீவில் வரும்போது ஒரு புரொஜெக்டரும், நாலு பக்கமும் சட்டம் போட்டு இறுக்குகிற வெள்ளைத் திரை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். சுருட்டித் தூக்குகிற திரை அல்ல அது. சுவரில் அறைந்தால் அறைந்ததுதான். களுதாவளைக்குக் கிட்ட, வாவியைப் பார்த்தபடி இருந்த தங்கச்சி வீட்டில் அதைப் பூட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். வீட்டைக் கட்டினது அவருடைய உழைப்பு. ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அண்ணன் தம்பிமார் உழைத்துக் கட்டுவார்கள், காணி உறுதி தங்கச்சியின் பேரில் எழுதப்படும், மாப்பிள்ளை வந்து ஏறுவார். கட்டின ஆள் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு விருந்தாளி. இது எனக்குத் தெரியாததா? என் தங்கச்சிக்கும் நான் அப்படித்தான் கட்டிக் கொடுத்தேன்.

ஆனாலும் அன்று காலையில் துளை போடும் மெசினோடு போய் நின்றபோது, சுவரைக் கட்டினவரிடம்தான் கேட்டேன். சுவருக்குச் சொந்தக்காரி பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

“மேற்குச் சுவர்தான் தம்பி,” என்றார் அண்ணன். “நெடுக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். அளந்து பார்.”

அளந்தேன். அவர் சொன்னது சரி. படம் பெரிதாக விழ வேண்டுமென்றால் புரொஜெக்டர் தூர நிற்கவேண்டும். விறாந்தை கிழக்கு மேற்காக நீளம். கிழக்கில் ரோட்டைப் பார்த்த முன்வாசலும் இரண்டு யன்னலும். மேற்குச் சுவரின் நடுவில் வாவிப் பக்கம் திறக்கிற ஒற்றைக் கதவு.

“கதவு இரிக்கே அண்ண.”

“அது மரவேலை செஞ்ச ஓடாவி பிழையா வெச்ச கதவு. வீட்டுக் கதவை ஆரும் வெளிப்பக்கம் திறக்க வெப்பானா? காசனுப்பினவன் கிட்ட நிக்கல்ல எண்டா இப்பிடித்தான் நடக்கும். ஆரும் பாவிக்கிறயும் இல்ல. மறைச்சிட்டு அடி.”

எனக்கு அந்த வாதம் பிடித்துவிட்டது. தொழில்காரனுக்கு வேறென்ன வேண்டும். பின்னேரம் வாவித் தண்ணீரில் பட்ட வெயில் அந்தக் கதவால் உள்ளே அடித்தால் படம் வெளிறிப் போகும், கதவைத் திரை மூடினால் இரண்டு காரியம் ஒன்றாக முடியும் என்று நானே கணக்குச் சொன்னேன். கதவின் இரண்டு பக்கமும் நாலு துளை போட்டேன். கூரையின் குறுக்கே போன தீராந்தி மரத்தில் புரொஜெக்டரைத் தலைகீழாகப் பூட்டினேன். படம் முதலில் மேலே அகன்று கீழே ஒடுங்கி, கவிழ்த்து வைத்த வாளி மாதிரி விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து நிமிர்த்துவதற்குள் மத்தியானம் திரும்பிவிட்டது.

அந்த நேரம் மச்சான்காரன், அதாவது தங்கச்சியின் புருசன், வட்டையிலிருந்து வந்தார். முழங்கால் வரை வயல் சேறு. உள்ளே வராமல் முன்வாசற்படியில் குந்தினார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மச்சான் வந்து நாலு நாள் ஆகல்ல,” என்றார், “இந்த வீட்டுக்கு மேற்குத் திசையே இல்லாமப் போயிற்று.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

“நீ குந்தியிருக்கிற படியும் என்ட உழைப்பு, சாய்ஞ்சிரிக்கிற நிலையும் என்ட உழைப்பு,” என்றார் அண்ணன். “பகிடி விடாம எழும்பி ஒரு கை பிடி.”

“என்ட கையெல்லாம் சேறு மச்சான். உன்ட வெள்ளையில பட்டிரும்.” சேறு காய்ந்த கையை விரித்துக் காட்டினார். “அவள் வரட்டும். வந்து கை பிடிப்பாள்.”

அந்த மனிசன் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை. இது அவள் வீடு, அவள் வாய் திறக்கவேண்டிய இடம் என்று நினைத்திருக்கலாம். அல்லது அண்ணன் நல்லாய் அகப்படட்டும் என்றும் இருந்திருக்கலாம். இரண்டும் இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர்கள் இருவருக்கும் கல்யாண வீட்டிலிருந்தே முகம் கொடுத்துப் பேச்சில்லை.

தங்கச்சி இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. திரையைக் கண்டதும் தட்டை மேசையில் வைத்தாள். அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

“தம்பி, இது ஆரிட்டக் கேட்டு அடிச்ச?”

“அண்ணன்தான் சொன்னார் அக்கா.”

“அண்ணன் எந்த வீட்டில இரிக்கார்?”

திரையைக் கழற்றுவதற்காகக் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். அண்ணன் வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“தொட்டாயெண்டா தெரியும்,” என்றார் என்னிடம். பிறகு அவளிடம், “நாலு கிழமைதான் லீவு புள்ள. நான் கட்டின வீட்டில ஒரு நாள் காலை நீட்டி இருந்து படம் பார்க்கல்ல. போன பிறகு கழட்டி எறி.”

“பாரேன். ஆர் வேணாமெண்ட? வடக்குச் சுவரில பார்.”

“தலகாணி உறை அளவுப் படம் பார்க்கவா இதை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தன்?”

“அந்தக் கதவு திறக்கவேணும் அண்ண.”

“என்னத்துக்கு?”

இந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கவேண்டும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. முந்தின சண்டையில், இதே வளவில் பழைய மண்வீடு இருந்த காலத்தில், ஒரு விடியற்காலை ரோட்டுப் பக்கமாக ஆமிச் சுற்றிவளைப்பு வந்தது. அவள் மூத்தவளை இடுப்பிலும் இளையவளை வயிற்றிலும் சுமந்துகொண்டு பின்கதவால் வாவிக்கு ஓடினாள். பழைய கதவு உள்ளே இழுத்துத் திறக்கிற கதவு. பயத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து அதன்மேல் முட்டியதில், கொஞ்ச நேரம் யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. அவள் தோணி ஒன்றில் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். புருசன் பகல் முழுக்கக் கண்டல் மர வேர்களுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். அண்ணன் அதையெல்லாம் கடிதத்தில் படித்தவர். கல்வீடு கட்டும்போது அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அறை எத்தனை, தரை என்ன நிறம் என்று கூடக் கேட்கவில்லை. மேற்கில் ஒரு கதவு, அது வெளிப்பக்கம் திறக்கவேண்டும் என்று மட்டும் ஓடாவியைப் பக்கத்தில் நின்று செய்வித்தாள்.

இப்போது போர்நிறுத்தம் பேருக்கு இருந்தது. அந்த மாதத்தில் இரண்டு தரம் ரோட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டிருந்தது. இரண்டு தரமும் அவள் கொளுவியை நீக்கிவிட்டுக் கதவடியில் பிள்ளைகளோடு இருந்திருக்கிறாள். ஆரும் பாவிக்காத கதவென்று அண்ணன் சொன்னாரே, அது.

அவள் சுருக்கமாக, “பிரச்சினை வந்தா ஓட,” என்றாள்.

“பிரச்சினையா? சமாதானமெண்டு உலகமே சொல்லுது. நீங்க மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிக்கியள்.” அண்ணன் முன்வாசல் பக்கம் திரும்பினார். அவருக்கு இப்போது தங்கச்சியில்லை, மச்சான்தான் வேண்டியிருந்தது. “இவன் பழக்கினது. ஓடிப் பழகின ஆள். ஆம்பிளையெண்டா முன்வாசலால போய் நிண்டிருப்பான். பொம்பிளைக்குப் பின்னால பின்கதவால ஓடி, நாள் முழுக்கச் சேத்துக்க ஒளிச்சுக் கிடந்த மனிசன், என்ட வீட்டுப் படியில இருந்து எனக்குப் பகிடி சொல்லுறான்.”

முன்வாசலால் போய் நின்றவர்களும் இருந்தார்கள். இரண்டு வளவு தள்ளி. அங்கே இப்போது வீடில்லை. அண்ணன் மேலும் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். படியில் இருந்த மனிசன் முழங்காலில் காய்ந்த சேற்றை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். மூத்த பெண்பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். அவள் பார்த்ததைத் தாய் பார்த்தாள்.

அப்போதுதான் அவள், நான் தொடக்கத்தில் சொன்ன அந்த வசனத்தைச் சொன்னாள்.

சொல்லிவிட்டுத் தையல் மெசினடிக்குப் போனாள். லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அண்ணன் கதிரையை விட்டார். “புள்ள,” என்றார். அவள் நேரே நடந்து வந்து புரொஜெக்டரின் நீல வெளிச்சத்துக்குள் நின்றபோது, அவளுடைய நிழல் திரையில் அவளை விடப் பெரிதாக எழும்பியது. கை எட்டிய உயரத்தில் கூர்முனையைக் குத்தி, நிழலின் நடுவால் கீழே சட்டம் வரை வெட்டிக்கொண்டு வந்தாள். பிறகு குனிந்து கீழ்ச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நான் முடுக்கிய கீழ்த் திருகாணிகள் சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து வந்தன.

பிளவுக்குள் கையை விட்டுக் கொளுவியை நீக்கிக் கதவைத் தள்ளினாள். வாவி வெளிச்சம் உள்ளே அடித்தது. சுவரில் நீலம் இருந்த இடமே தெரியவில்லை.

மூத்தவளைக் கூப்பிட்டு அதற்குள்ளால் போகச் சொன்னாள். போனாள். இளையவளைப் போகச் சொன்னாள். புருசன் படியிலிருந்து எழும்பி, சேற்றுக் காலோடு விறாந்தையின் நீளத்துக்கும் நடந்து வந்து, தலையைக் குனிந்து போனார். அவருடைய கையில் இருந்த சேறு திரையின் ஓரத்தில் பட்டது. அவள் அதைத் துடைக்கவில்லை. கிழிந்த பக்கத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி, அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.