பெலிண்டா கையெழுத்திட்ட அலை

பெலிண்டா டீச்சருக்கு எதையும் 'இல்லை' என்று பட்டென்று சொல்ல வராது. இருபத்திரண்டு வருடமாகத் திருச்சிக் கல்லூரியில் இயற்பியல் எடுத்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி. 'இதுவரை யாரும் கண்டதில்லை' என்பார். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பழைய மாணவன் சுரேஷ்குமார் வந்து, "மேடம், மின்காந்த அலையில நெட்டலை இருக்க முடியுமாங்க?" என்று கேட்டபோதும் அப்படித்தான் ஆயிற்று. ஒளி போகிற திசைக்குக் குறுக்கேதான் அதன் மின்புலம் அதிரும். வெட்டவெளியில், போகிற திசையிலேயே அதிர்கிற நெட்டலைக்குச் சமன்பாடுகள் இடமே தருவதில்லை. பெலிண்டாவுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அவன் நீட்டிய தாளில், 'இத்தகைய அலைகள் இருக்கவே முடியாது என்று அறுதியிட்டுக் கூற இயலாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எதற்கென்று கேட்கவில்லை. அவன் வைத்த ஐஸில் குளிர்ந்துபோயிருந்தார்.

சுரேஷ்குமார் ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பிடித்து, நெட்டலை வீசிச் சர்க்கரை வியாதியைக் குணமாக்கும் என்று, கழுத்தில் போடும் செம்புப் பில்லை விற்றான். நோட்டீசில் அந்த வரியும் கையெழுத்தும் இருந்தன. வாங்கியவர்களில் செல்லக்கண்ணுவும் ஒருவர். முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும், பெலிண்டாவின் ஆய்வுக்கூட உதவியாளர். பெலிண்டா சரிபார்த்துக் கையெழுத்திடாத கருவியை அவர் மேசையில் வைக்கவே மாட்டார். அதே கையெழுத்தைப் பார்த்ததும் இன்சுலினை நிறுத்திவிட்டார். நான்கே மாதத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லீவு லெட்டரோடு வந்த அவர் மனைவி ரங்கநாயகி, நோட்டீசையும் நீட்டி, "நீங்க எழுதினதை நம்பித்தாங்க போட்டுக்கிட்டாரு" என்றாள்.  பெலிண்டா அன்றே மாதா கோயிலுக்குப் போய், ஃபாதரிடம் தப்பை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தார். "தெரியாமத்தானம்மா செஞ்சீங்க" என்றார் ஃபாதர். அலை இல்லையென்று தெரிந்துதானே எழுதினேன் என்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவரைக் கண்டதும் செல்லக்கண்ணு எழுந்து உட்காரப் பார்த்தார். பில்லை கழுத்திலேயே கிடந்தது.

"அண்ணே, அதைக் கழட்டிடுங்க. தப்பு என்னோடது. சமன்பாட்டுப்படி பார்த்தா, வெட்டவெளியில..."

"கணக்கெல்லாம் எனக்குப் புரியாதுங்க டீச்சரம்மா. அந்த அலை இருக்கா, இல்லையா?"

பெலிண்டாவின் வாயில் நூறு 'ஆனால்'கள் முட்டி மோதின. கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"இல்லைங்கண்ணே."

 செல்லக்கண்ணு கோபமே இல்லாமல் கேட்டார்.

"இதை அந்தத் தாள்லயே எழுதியிருக்கலாமேங்க?"