ஞாயிற்றுக்கிழமைச் சோளம்

கம்பெனி பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடிக்கும் வரை பூரணி சோளக்கொல்லையை விட்டு வெளியே வருவதில்லை. அடித்த பிறகும் இன்னும் ஒரு சோளத்தாளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். உள்ளே கதிர் திரண்டிருக்கிறதா, வெறும் இலைச்சுருள்தானா என்று விரல் சொல்லிவிடும். ஆம்பூர்த் தோல் ஷூ கம்பெனியில் தையல் மடிப்பை அழுத்திப் பார்ப்பதும் இதே கட்டைவிரல்தான். பிறகு குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, கம்பெனியின் நீலக் கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டியபடி ஓடுவாள். டிரைவர் ஒருநாளும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை. ஒரு தடவை போகப் பார்த்தாராம். பஸ்ஸே கிளம்ப மறுத்துவிட்டதாம். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆகவே பொய் என்றும் சொல்ல முடியாது.

ஒடுகத்தூர்ப் பக்கம், மலையடியில் இருக்கிறது அந்த வானம் பார்த்த பூமி. பாகம் பிரித்தபோது கணவர் கோபிக்கு வந்தது. கோபி லாரி ஏறினால் எப்போது இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்து நிலம் கோபியின் அண்ணன் சம்பந்தத்தினுடையது. தம்பி நிலத்தையும் சேர்த்து உழுது நிலக்கடலை போட அவருக்கு நெடுநாள் ஆசை. கெட்ட ஆசை என்று சொல்லமாட்டேன். தரிசாய்க் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் அவருக்கு நிஜமாகவே வயிறு எரியும்.

போன ஆடியில் அவர் வாய்விட்டே கேட்டார். “வாரம் பூரா தோலு, ஒரே ஒரு நாளு மண்ணா? சோளத்துக்கு ஞாயித்துக்கிழமை தெரியாதும்மா.”

“தெரிய வைக்கிறேன் மாமா. இந்தப் போகத்தை எடுக்க முடியலன்னா, வர்ற ஆடிக்கு நீங்களே மல்லாட்டை போட்டுக்குங்க,” என்றாள் பூரணி. சொன்ன வாயை மூடுவதற்குள் விதைக்கூடையோடு கொல்லையில் இறங்கிவிட்டாள்.

அவள் போட்ட திட்டம் தொழிற்சாலையில் கற்றது. அங்கே ஒரே மேஜையில் தைக்க வேண்டிய எல்லாக் கட்டும் ஒன்றாக வந்து விழுந்தால் வேலை நாறிப்போகும்; ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ஒருத்தியே ஓட்டிவிடலாம். அதே கணக்கில் நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்தாள். ஆடி மழையில் முதல் பட்டை. பிறகு ஈரம் கிடைத்த ஞாயிறுகளில் அடுத்தடுத்த பட்டை, புரட்டாசி வரைக்கும். விதைத்த வரிசையிலேயே அறுவடையும் வரும், லீவு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம். பட்டைகளுக்கு ‘லைன் ஒண்ணு’, ‘லைன் ரெண்டு’ என்று பேர்கூட வைத்தாள். பக்கத்து மெஷினில் தைக்கும் சைரா இதைக் கேட்டுவிட்டு, “சோளத்துக்கும் டார்கெட் வெச்சிட்டியா? பாவம்டி, அதுக்காவது டீ டைம் குடு,” என்றாளாம்.

ஐப்பசி தொடக்கம் வரை கொல்லை ஒரு படிக்கட்டு. முதல் பட்டை ஆள் மூழ்கும் உயரம், அடுத்தது தோளளவு, கடைசிப் பட்டை முழங்காலில் நின்றது. அதில் பாதியைக் குருத்து ஈ தின்றிருந்தது. பிந்தி விதைத்தால் அந்த ஈ விருந்துக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். அது பூரணிக்கும் தெரியும். “போனது போவட்டும், மீதி நிக்குதில்ல?” என்று பழுத்த குருத்துகளைப் பிடுங்கிப் போட்டாள்.

ஊருக்குத் தெரியாதது வேறொன்று. இங்கே எல்லாரும் ஆடி மழையில் ஒரே மூச்சாக விதைத்துவிடுவதால், அந்த நெட்டைச் சோளம் பிந்தி விதைத்தால் என்ன செய்யும் என்று பார்க்க யாருக்கும் வேளை வாய்க்கவில்லை. பகல் பொழுது குறுகத் தொடங்கியதும் கதிர் வைக்கப் பார்ப்பது அதன் குணம். விதைத்தது ஆடியா புரட்டாசியா என்று அது கேட்பதில்லை. முந்தி விதைத்தது அதற்குள் இலைமேல் இலை விட்டு, கணு கணுவாக ஏறி, மேகத்தை இடித்துக்கொண்டு நிற்கும். பிந்தியது வளர நேரமில்லாமல், படிப்பு முடியுமுன் கல்யாணம் முடித்த பெண்ணைப்போல, இடுப்பளவிலேயே சூல் கொள்ளும்.

பூரணியின் கட்டைவிரலுக்கு அது ஒரு விடிகாலையில் தெரிந்தது. முதல் பட்டையின் தாளுக்குள் கதிர் திரண்டிருந்தது. நடுப்பட்டையிலும் அப்படியே. கடைசிப் பட்டையை அழுத்தினாள். அங்கேயும் ஏதோ உருள ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு ஹாரன் இரண்டு தரம் அடித்தது. பஸ்ஸில் ஏறியும் அவள் விரலை மடக்கி ஞாயிறுகளை எண்ணிக்கொண்டே வந்தாள் என்று சைரா சொன்னாள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன், சைரா சொல்லமாட்டாள்.

மார்கழி பாதியில் கொல்லை முழுவதும் ஒன்றாக முற்றிவிட்டது. முதல் பட்டையில் கதிர் ஒரு முழம், கடைசிப் பட்டையில் ஒரு கைப்பிடி. ஆந்திராக் கிளிகளுக்கெல்லாம் யாரோ சேதி அனுப்பியிருக்க வேண்டும். எல்லையைத் தாண்டி வந்து இறங்கின. தோல் துண்டுகளைக் கழியில் கட்டிப் படபடக்க விட்டாள். கிளிகள் அதில் உட்கார்ந்து இளைப்பாறின. தொழிற்சாலையில் ஷிப்மெண்ட் நேரம், லீவு இல்லை. கோபி எங்கோ வடக்கே இருந்தார். ஊரில் கூலிக்கு வரக்கூடியவர்கள் எல்லாம் நெல் அறுக்கப் போயிருந்தார்கள். கையில் ஒரே ஒரு ஞாயிறு; அடுத்ததற்குள் கிளிகள் எதையும் மிச்சம் வைக்காது.

அன்று அவள் ஒருத்தியாக முதல் பட்டையில் இறங்கினாள். நெட்டைச் சோளத்தை ஒரு கை வளைத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை கதிரை அறுக்க வேண்டும். பூரணியோ குள்ளம். வளைத்த தாள் அரிவாள் படுமுன் நழுவி நிமிர்ந்துகொண்டது. வெயில் ஏறுவதற்குள் பட்டையில் ஒரு மூலைதான் முடிந்திருந்தது. மறுகோடியில் கிளிகள் வரிசை போட்டுத் தின்றுகொண்டிருந்தன.

சம்பந்தம் வரப்பில் வந்து நின்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எல்லாம் ஒண்ணாவே வந்துட்ச்சே.”

“ஆமா மாமா.”

“ஒரு நாள்ல ஆவாதும்மா இது.”

“ஒரு ஆளுக்கு ஆவாது.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “அப்ப வர்ற ஆடிக்கு...” என்று இழுத்தார்.

பூரணி அரிவாளைக் கொண்டுவந்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி வரப்பில் வைத்தாள். திரும்பி, வரப்போரத்தில் இருப்பதிலேயே உயரமான தாளை இரண்டு கையாலும் பற்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். கதிர் இறங்கி இறங்கி அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. குதிகால் இரண்டும் மண்ணை விட்டு எழும்பியிருக்க, அவள் பிடியை விடாமல் அப்படியே இருந்தாள்.