மண்டி தங்காத ஜாடி

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் செய்யாததைச் செய்தாள் என்று யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். சின்ன வயசிலேயே அப்படித்தான்.

பாகலூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அப்பா சமையல்காரர். மதுவிலக்கு வந்த பிறகு துரைக்கு வேண்டிய பீரை எங்கள் வீட்டு இருட்டறையில் யாருக்கும் தெரியாமல் ஊறப்போட்டார். முளைகட்டிய கேழ்வரகும் வெல்லமும் ஊறும் பெரிய பீங்கான் ஜாடி. குளிரில் பொங்காது என்று கம்பளி சுற்றியிருப்பார். உள்ளே அது களுக் களுக்கென்று மூச்சு விடும்.

பொங்கி அடங்கியதும், தெளிவதற்காகத் தேற்றாங்கொட்டையை உரசிக் கலந்து, அசைக்காமல் விட வேண்டும். கலங்கலெல்லாம் மண்டியாக அடியில் தங்கும். மேல்தெளிவை மட்டும் ரப்பர் குழாயில் பாட்டிலுக்கு இறக்குவார். போன முறை கலங்கலாயிருந்ததைத் துரை செடிக்கு ஊற்றிவிட்டார். கிறிஸ்துமஸுக்கும் அப்படி வந்தால் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த மார்கழியில் மண்டி தங்கவே இல்லை. கண்ணாடித் தம்ளரில் எடுத்துப் பார்த்தால் தினமும் சேற்றுத்தண்ணி.

“ஏம்மே, ஜாடிய ஆட்டறியா நீ?” என்றார் அப்பா.

“நான் அந்தப் பக்கமே போவலப்பா.”

எங்களோடு இருந்த அத்தை விடவில்லை. “இவ ஆட்டாம? ஐப்பசில போனானே, அவன் வந்து ஆட்டறானா?”

பிறந்த மாதமே செத்துப்போன என் தம்பியைச் சொன்னாள். அம்மா அடுப்பை விட்டு நிமிரவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பழி பொறுக்கவில்லை. மத்தியானம் வீடு அடங்கியதும் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். களுக். அடங்கிக் கிடந்த ஜாடி மறுபடி மூச்சு விட்டது. இருட்டு பழகியபோது அம்மா தெரிந்தாள். ஜாடியை மடிமேல் சாய்த்து, தட்டிக்கொடுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிக்கு மேல் தம்பியின் துணி.

அப்பாவை இழுத்து வந்து காட்டினேன். கத்தப்போகிறார், என் பேர் சுத்தமாகிவிடும் என்று நின்றேன்.

அவர் ஓசையில்லாமல் உள்ளே போனார். “தூங்கிட்டான். கீழ விடும்மே” என்றார் அம்மாவிடம்.

கலங்கலையே பாட்டிலில் அடைத்துத் துரைக்குக் கொடுத்தார். பொங்கலுக்குள் மூட்டை கட்டிக்கொண்டு சாமல்பட்டிக்குப் பஸ் ஏறினோம். ஜாடி அங்கேயே நின்றது.

“தூங்கறவன ஏம்பா உட்டுட்டு வரோம்?” என்று கேட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஆட்டவில்லை என்று அத்தையிடம் சொல்லாமல் விட்டாரே, அதற்குத்தான் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.