மஞ்சள் கட்டிய காலா

காலா மீனை ஆங்கிலத்தில் இந்திய சால்மன் என்பார்கள். வெளிநாட்டு சால்மனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அந்த சால்மன் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லின. எங்கள் காலா எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அண்ணாமலை நகரில் குடியிருந்துகொண்டு கிள்ளை கழிமுகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

காலாக் குஞ்சுகள் கழிமுகத்தில் வளர்பவை. சிறியதாக இருக்கும்போது ஆண், பெரிதானபின் அதே மீன் பெண்ணாக மாறும். கொசுவலை போட்டுக் குஞ்சுகளையே வாரிவிட்டால் முட்டையிடத் தாய் மிஞ்சாது. அதனால் முகத்துவாரத்தில் கொசுவலை கூடாது என்று எங்கள் மீன்வள அலுவலகம் கேட்டுக்கொண்டது. ஊர்க்காரர்களும் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டிருந்தார்கள். இங்கே தப்பிய குஞ்சு கடலுக்குப் போய் வளர்கிறது என்று நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தடை போய்விடும், கொசுவலை மறுபடி இறங்கும்.

குஞ்சுகளைப் பிடித்து முதுகுத் துடுப்பின் அடியில் எண் போட்ட நைலான் இழை ஒன்றைச் செருகித் திரும்ப விட்டோம். கலங்கல் தண்ணீரிலும் தெரியட்டும் என்று மஞ்சள் நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். இழையோடு மீனைக் கொண்டு வருபவருக்கு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்று டீக்கடைகளில் நோட்டீஸ் ஒட்டினோம். பாக்ஸ்கள் என் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கடுக்காக நின்றன. ஒரு மீன்கூட வரவில்லை.

செத்துவிட்டனவா, வேறெங்கோ போய்விட்டனவா, நான் செருகிய விதத்தில்தான் தப்பா என்று புரியாமல் தவித்தேன். வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன். 2004 டிசம்பரில் அலை வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் வகுப்பில் இருந்த என் மகள் அவள் மாமாவோடு கடலூர் கடற்கரையில் இருந்தாள். ஓட்டத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் அவள் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தோம். காலை முதல் அதுவரை நான் என்ன செய்தேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் சிதம்பரம் கோயிலில் தீட்சிதர் கையால் அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டவைத்தேன். பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட அனுப்பியதில்லை.

அவள் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது, ஒரு விடுமுறை நாளில் வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கிள்ளைக்குக் கூட்டிப்போனேன். கரையில் ஒரு படகு வந்து நின்றது. கணவர் வலையை உதற, மனைவி மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒன் மீனு" என்றாள் மகள்.

உண்மைதான். மஞ்சள் இழையோடு ஒரு காலா, முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. நான் கூடைகளைத் தாண்டிப் போவதற்குள் அந்த அம்மாள் அதன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் விட்டுவிட்டார்.

கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார்கள். ஆடித் திருவிழா முடிந்து முதல் வலை போட்ட அன்று இப்படி ஒன்று வந்ததாம். அம்மனுக்குக் காப்பு கட்டியதுபோல இருந்ததால் விட்டார்களாம். மறுநாள் நல்ல பாடு, வலை நிறைய மீன். சேதி பக்கத்துக் குப்பங்களுக்கும் போய்விட்டது. எத்தனை மீன் அப்படிப் போனது என்று யாரும் எண்ணவில்லை.

அது அலுவலகம் கட்டியது, நோட்டீஸைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"படிச்சோம் மேடம். யாரு கட்னா இன்னா? கட்னது கட்னதுதான்" என்றார் கணவர்.

பக்கத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அந்த அம்மாளின் தம்பி சிரித்தார். "எங்க மாமா நாலு டிபன் பாக்ஸ கடல்ல வுட்டுட்டாரு மேடம். அக்கா இன்னும் தூக்குவாளியிலதான் சோறு கட்டுது."

அந்த அம்மாள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. என் மகளின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களே கட்டி நீங்களே தண்ணில வுட்டீங்க. அப்புறம் புடிச்சிக் குடுன்னா எப்படி மேடம்?"

பஸ்ஸில் மகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். பிறகு கயிற்றைத் திருகியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் அதிகாரியிடம் சொன்னேன். வராத மீனை எப்படியம்மா எழுதுவது, பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான் என்றார். கெஞ்சி ஓராண்டு தவணை வாங்கி, நீல இழைக்கு மாறினேன். நீலம் வரத் தொடங்கியது. ஒன்று கடலூர் துறைமுகம்வரை போய் அங்கே பிடிபட்டிருந்தது. தடை நீடித்தது. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போதும் ஒரு மீன் செத்ததைத்தான் பதிவு செய்தேன். உயிரோடு இருக்கும் மஞ்சள் மீன்களைப் பற்றி என்னிடம் எழுத ஒன்றுமில்லை. எது நல்ல சேதி என்று குழம்பிப்போனேன்.

2011இல் மகள் கல்லூரிக்குப் போனாள். வேண்டுமென்றே கடல் இருக்கும் ஊராகத் தேர்ந்தெடுத்தாள். மிஞ்சிய டிபன் பாக்ஸில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்த ஆண்டு நான் கயிறு கட்டக் கூப்பிடவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. பழைய கயிறு கையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு கிள்ளையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். மஞ்சள் ஏதாவது கண்ணில் பட்டதா என்று விசாரித்தேன். போன மாதம் ஒன்று வந்ததாம். பெரிது, நன்றாக இருந்தது, விட்டுவிட்டோம் என்றார். எண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவர் என் மனதுக்காகச் சொன்னாரோ என்னவோ.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து மகளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சிதம்பரம் வரும்வரை மறுபடி அடிக்காமல் இருந்தேன்.