வெள்ளையம்மாவின் நூறு வீத வரி

1996இல் வெள்ளையம்மாவுக்கு ஐம்பது வயது நிறைந்தது. தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருஷம் றப்பர் பால் வெட்டியதற்கான சேமலாப நிதி கைக்கு வந்தது. புருஷன் கந்தையா செத்தபோது வந்த பணத்தையும் அவள் தொடாமல் வைத்திருந்தாள். கடைவீதிக் கோடியில் ஜுனைதீன் நானா விற்கப்போட்டிருந்த இரண்டு கடை அறைகளுக்கு இரண்டும் சேர்ந்து சரியாக இருந்தது. அறைகளை வாடகைக்கு விட்டால், தோட்டத்து லய வீட்டைக் காலிபண்ணச் சொன்னாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு அடையாள அட்டை கேட்டார். அவளிடம் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டை நீட்டினாள். கந்தையா இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்து வாங்கியது. பெட்டி கட்டி வைத்திருந்த நேரத்தில், 1984இல், சண்டையால் இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது.

“அம்மே, நீங்க வெளிநாட்டு ஆள்,” என்றார் அவர் சிங்களத்தில். “வெளிநாட்டு ஆள் காணி வாங்கினா நூறு வீத வரி. விலை எவ்வளவோ, அவ்வளவு அரசாங்கத்துக்கும் கட்டணும்.”

அவளும் சிங்களத்திலேயே கேட்டாள். “எந்த வெளிநாட்டுலருந்து வந்தேன் மாத்தயா? நான் இந்தா இருக்க அவிசாவளையக்கூடத் தாண்டினதில்ல.”

நொத்தாரிசு பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் ஜுனைதீன் வழி சொன்னார். “என்ட மருமகன்ட பேர்ல எழுதுவோம். சல்லி வரியில்ல. வாடகைய நீங்களே எடுங்க.”

“வேலுசாமி அண்ணன் அப்படித்தான் வேற ஆள் பேருல எழுதினாரு நானா. பேருக்காரர் கண்ண மூடுனதும் அவரு புள்ளைங்க அண்ணனத் தெருவுல தள்ளினாங்க.”

“அப்ப மகள்ட பேர்ல?”

“கிருஷ்ணகுமாரியும் இந்தப் பாஸ்போட்டுப் புத்தகத்துலதான் ரெட்டைச் சடையோட ஒட்டிக்கிடக்குறா.”

“என்னதான் செய்யப்போறீங்க?”

“ஒரு ரூம எம் பேருல எழுதுங்க. அடுத்த ரூம் காச வரியாக் கட்டிர்றேன்.”

“உங்களுக்குப் பைத்தியமா?”

“ஆமா நானா. வெளிநாட்டுப் பைத்தியம்.”

கட்டினாள். உறுதியில் அவள் பெயர் ஏறியது. அந்த அறையைத் தையல்காரர் ஜவ்பருக்கு வாடகைக்கு விட்டாள். மற்ற அறையை வேறொருவர் வாங்கி மில் போட்டார். அது இரையும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. வெளிநாட்டு ஆள் என்றார்களே தவிர, வேறு நாட்டு அரசாங்கம் எதற்கும் அவள் ஒரு சதம் கட்டியதில்லை. பிரதேச சபை வரிக்கு வருஷாவருஷம் வரிசையில் நின்று, ஜன்னலில் குனிந்து சத்தமாகச் சொல்வாள்: “வெளிநாட்டுக்காரி வந்திருக்கேன், வாங்கிக்குங்க.”

ஓட்டல் கட்ட வந்த ஏதோ வெளிநாட்டுக் கம்பனிக்கு அந்த நூறு வீத வரியை விட்டுக்கொடுத்துவிட்டார்களாம் என்று ஜவ்பர் ஒருநாள் சொன்னார்.

“அவன் வெள்ளைக்காரன்தானே,” என்றாள். “வெளிநாட்டுக்காரனா இருக்க மாட்டான்.”

2003இல் சட்டம் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் இலங்கைப் பிரஜைகள். வெள்ளையம்மா கையெழுத்திட்டாள். அடையாள அட்டை வந்த வாரமே பழைய வரிப் பற்றுச்சீட்டோடு, பணத்தைத் திருப்பிக் கேட்டு மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போனாள்.

“அன்னைக்கு நீங்க வெளிநாட்டு ஆள். இன்னைக்குப் பிரஜை. அன்னைக்குக் கட்டினது சரிதான்,” என்றார் அதிகாரி.

“அதே லயம், அதே ரூம். நான் எந்தத் தேதியில இந்த நாட்டுக்கு வந்து சேந்தேன்? அத மட்டும் எழுதிக் குடுங்க, போயிர்றேன்.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் மனுப் போட்டாள். மூன்று மாதத்தில் சிங்களத்தில் பதில் வந்தது. திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கிருஷ்ணகுமாரி வாசித்துச் சொன்னாள்.

“அப்ப இதுல கையெழுத்துப் போட்டவனுக்கு மேல இருக்கவனுக்கு எழுது.”

கிருஷ்ணகுமாரி மேலும் மூன்று மனுக்கள் எழுதினாள். ஐந்தாவதை ஜவ்பரைக் கொண்டு எழுதுவிக்க வெள்ளையம்மா அவருடைய தையல் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகளின் எழுத்தில் மரியாதை கூடிப்போகிறது என்பது அவள் குறை.